சைக்கிளில் பாண்டிச்சேரி போகலாம்... கால் மட்டும் போதுமா?

"டாக்டர்... நல்ல லேகியமா ஒண்ணு குடுங்க. தைக்குள்ள உடம்பு தேறணும்!"

ராயபுரத்தில் இருக்கும் என் வைத்தியசாலைக்கு ஓர் ஐப்பசி மாலையில் வந்தவர் இப்படித்தான் ஆரம்பித்தார். துறைமுகம் சார்ந்த ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை. 47 வயது, 86 கிலோ எடை. ஆறு வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை. அலுவலகத்தில் எட்டுப் பேர் சேர்ந்து பொங்கல் கழித்துச் சைக்கிளிலேயே பாண்டிச்சேரி போவதாக முடிவு செய்திருக்கிறார்கள். கடைசியாக அவர் சைக்கிள் மிதித்தது எப்போது என்று கேட்டேன். "காலேஜ்ல டாக்டர்!" என்றார், சிரித்துக்கொண்டே.

லேகியம் கொடுக்கவில்லை. "இன்னும் பன்னிரண்டு வாரம் இருக்கு. அதுதான் உங்க லேகியம்" என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இப்போதெல்லாம் இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் அதிகம். சென்னையில் ஞாயிறு விடியற்காலையில் கூட்டமாகச் சைக்கிள் மிதிக்கிற குழுக்கள் பல இருக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய் வருகிறவர்கள் உண்டு. இன்னும் துணிந்தவர்கள் 'பிரவே' எனும் நெடுந்தூர ஓட்டத்தில் கலந்துகொள்கிறார்கள். 200 கி.மீ. தூரத்தைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள், 300 என்றால் 20 மணி நேரத்துக்குள், 600 என்றால் 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அது போட்டி அல்ல. முதல், இரண்டாம் பரிசு எதுவும் கிடையாது. 2008-ல் தொடங்கிய நீலகிரிச் சைக்கிள் பயணமும் இருக்கிறது. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்தே ஏறுகிறவர்களைப் பார்த்தால் நமக்கே மூச்சு வாங்கும்!

அதெல்லாம் நமக்கு வேண்டாம். ராயபுரத்திலிருந்து பாண்டிச்சேரி சுமார் 160 கி.மீ. இரண்டு நாளில் போகலாம். சாதாரண குடும்பஸ்தருக்கு இதுவே பெரிய விஷயம்தான். ஆனால் முடியாத விஷயம் இல்லை.

இந்த வடசென்னைக்குச் சைக்கிள் புதிதா என்ன? சங்கு ஊதினால் திருவொற்றியூர் நெடுஞ்சாலை முழுக்கச் சைக்கிள்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தீப்பெட்டிக் கம்பெனிக்கும், லாரி தயாரிக்கும் தொழிற்சாலைக்கும், ஏன், 1955 முதல் புல்லட் மோட்டார் சைக்கிள் செய்த என்ஃபீல்டு தொழிற்சாலைக்கும்கூடத் தொழிலாளி சைக்கிளில்தான் போனார்! அந்தத் தலைமுறைக்குத் தொப்பை கிடையாது. அவர்களுடைய பிள்ளைகள்தான் இன்று ரத்தப் பரிசோதனைக் காகிதத்தோடு என் எதிரே உட்காருகிறார்கள்.

பெண்கள் 'இது நமக்கில்லை' என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். தலைச்சுமையோடும் இடுப்புப் பிள்ளையோடும் ஓட்டினார்கள். உங்களால் முடியாதா? ஒரே ஒரு வேண்டுகோள்: ஆரம்பிக்கும் முன் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிடுங்கள். சோகை இருக்கும் உடம்பில் பயிற்சி ஏறாது, களைப்புதான் ஏறும்.

முதலில் சீட்டைச் சரி செய்யுங்கள்

என்னிடம் முழங்கால் வலி என்று வரும் புதுச் சைக்கிள்காரர்களில் பாதிப் பேருக்கு மருந்தே தேவைப்படுவதில்லை. சீட்டை உயர்த்தச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தை வைத்து மிதித்தால், முழங்கால் லேசாக மடங்கினபடி இருக்கும். அதுதான் கணக்கு. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்பக்கம் வலித்தால் சீட் உயரம். 'கால் தரையில் எட்டணும்' என்று பயந்து சீட்டைத் தாழ்த்தி வைப்பவர்கள்தான் மூட்டைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

தொடையிடுக்கில் மரத்துப்போனால் அலட்சியம் கூடாது. நரம்பும் ரத்தக்குழாயும் நசுங்குகிறது என்று அர்த்தம். சீட்டின் மூக்கு மேல்நோக்கி இருக்கிறதா பாருங்கள், மட்டமாக்குங்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து நின்று மிதியுங்கள். மெத்தை வைத்த சைக்கிள் கால்சட்டை போடுவதானால் அதற்குள் ஜட்டி கூடாது. தையல் உராய்ந்து புண்ணாகும். இதைச் சொன்னால் எல்லாருக்கும் கூச்சம். புண் வந்தபின் காட்டுவதில் இன்னும் கூச்சம்! சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் ஹேண்டில்பாரில் உடம்பின் பாரம் முழுக்கச் சாய்கிறது. முழங்கையைக் கொஞ்சம் மடக்கி, பிடியை அடிக்கடி மாற்றுங்கள்.

பன்னிரண்டு வாரம்

முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு மூன்று நாள், எட்டு முதல் பத்து கி.மீ. போதும். வேகம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். மிதித்துக்கொண்டே பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியம் பேச முடிகிறதா? முடிந்தால் அதுதான் வேகம். பேச்சு அறுந்து அறுந்து வந்தால் குறையுங்கள். கனமான மிதியில் முக்கி முக்கிப் போவதைவிட, லேசான மிதியில் கால் சுழன்றுகொண்டே இருப்பது மூட்டுக்கு நல்லது. நிமிஷத்துக்கு எழுபது எண்பது சுற்று.

மூன்றாம் வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமையை நீளமாக்குங்கள். முதலில் 25, ஆறாம் வாரம் 40, எட்டாம் வாரம் 60, பத்தாம் வாரம் 90 அல்லது 100. இடையில் நான்கு வாரத்துக்கு ஒரு வாரம் குறைத்துக்கொள்ள வேண்டும். உடம்பு தேறுவது மிதிக்கும்போது அல்ல, ஓய்விலும் தூக்கத்திலும்தான். பயணம் இரண்டு நாள் என்பதால், ஒன்பதாம் வாரம் வாக்கில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து 40, 40 என்று மிதித்துப் பாருங்கள். இரண்டாம் நாள் காலையில் சீட்டில் உட்காரும்போது உடம்பு என்ன சொல்கிறது என்று அப்போதுதான் தெரியும். கடைசி வாரம் பாதியாகக் குறைத்துவிட வேண்டும். அந்த வாரத்தில் 'விட்டதைப் பிடிக்கிறேன்' என்று ஓட்டுகிறவர் பயணத்தன்று களைத்துப்போய்க் கிளம்புவார்.

மழை நாளில்? வீட்டு மாடிப்படியில் இருபது நிமிஷம் ஏறி இறங்குங்கள். தேங்கிய தண்ணீரில் சைக்கிள் விடவே வேண்டாம். அடியில் பள்ளமா, திறந்த மூடியா, யாருக்குத் தெரியும்?

எங்கள் பக்கத்தில் மலை கிடையாது. மேம்பாலம்தான் மலை. காற்றும் ஒரு மலைதான். மார்கழியில் வாடைக்கு எதிராக எண்ணூர் நோக்கி மிதித்துப் பாருங்கள், ஊட்டி போன புண்ணியம் கிடைக்கும்! குழுவாகப் போகும்போது முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார், பின்னால் வருகிறவருக்கு வேலை குறையும். முன்னால் போவதை ஐந்து நிமிஷத்துக்கு ஒருவராக மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் முன்சக்கரத்தை இன்னொருவர் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைக்காதீர்கள். அவர் லேசாக நெளிந்தால் விழுவது நீங்கள்தான். குழுவின் வேகம் என்பது குழுவிலேயே மெதுவாக வருகிறவரின் வேகம். அனுபவசாலி ஒருவர் கடைசி ஆளாக வர வேண்டும்.

எங்கே ஓட்டுவது?

நீண்ட ஞாயிறுகளுக்கு நான் சொல்வது பழவேற்காடு. மணலி புதுநகர், மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் போய் வந்தால் நூறு கி.மீ.க்குக் கொஞ்சம் மேலாகும். பொன்னேரி தாண்டினால் வயல், அப்புறம் ஏரி. டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

அதுவரைக்கும் கண்டெய்னர் லாரி! இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். லாரியின் இடப்பக்கம் ஓட்டுநருக்குத் தெரியாத பக்கம். வரிசையில் நிற்கிற லாரிக்கும் நடைமேடைக்கும் நடுவில் இருக்கும் சந்தில் நுழையவே கூடாது. லாரி இடப்புறம் திரும்பும்போது அதன் நடுப்பகுதி உள்ளே நகர்ந்து வந்து அந்தச் சந்தை மூடிவிடும். பின்னால் நில்லுங்கள். இரண்டு நிமிஷம் போனால் போகட்டும். முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு, தலையில் ஹெல்மெட். இவை இல்லாதவரைக் குழுவில் சேர்க்காதீர்கள்.

அடுத்தது காற்றின் சுத்தம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிஷத்துக்கு ஏழெட்டு லிட்டர் காற்றை இழுக்கிறோம். சைக்கிள் மிதிக்கும்போது அது நாற்பது லிட்டரைத் தாண்டும். தூசியும் புகையும் அதே கணக்கில்தான் உள்ளே போகும். குளிர்கால விடியலில் புகை மேலே எழும்பாமல் தரையோடு படிந்து நிற்கும். அந்த மாதங்களில் ஆலைப் பகுதியைச் சூரியன் வந்தபின் கடப்பது நல்லது. போகிப் பண்டிகையன்று காலையில் சைக்கிளைத் தொடவே வேண்டாம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். மூக்கைத் துளைக்கும் நெடியோ, கண்ணெரிச்சலோ வந்தால் 'கொஞ்சம் தூரம்தானே' என்று மிதிக்காதீர்கள். ஈரத்துணியால் மூக்கை மூடி, காற்று வரும் திசைக்குக் குறுக்காக விலகிப் போய்விடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இழுப்பு மருந்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும்.

சாப்பாடும் தண்ணீரும்

முதல் நாள் இரவு பிரியாணி வேண்டாம். சாதமோ இட்லியோ, வழக்கமானது போதும். கிளம்பும் முன் இரண்டு இட்லி அல்லது வாழைப்பழம். வெறும் வயிற்றோடு போவது வீரம் அல்ல. வழியில் முக்கால் மணிக்கு ஒரு தரம் ஏதாவது வாயில் போடுங்கள். கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், எள்ளுருண்டை. இவற்றுக்கு முன் கம்பெனிக்காரன் விற்கும் வண்ணக் காகித மிட்டாய் ஒன்றும் பெரிசில்லை. மீஞ்சூர்ப் பக்கம் கேழ்வரகுக் கூழ் விற்பார்கள். சுத்தமான இடமாகப் பார்த்து ஒரு சொம்பு குடிக்கலாம்.

வியர்வையில் தண்ணீர் மட்டும் போவதில்லை, உப்பும் போகிறது. நாள் முழுக்க வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைசுற்றல், வாந்தி, குழப்பம் வரும். உப்புப் போட்ட மோர் குடியுங்கள். அல்லது ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. நம் பானகத்தில் ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்தாலும் அதே வேலையைச் செய்யும். வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலம்... நாவுக்கும் நல்லது. ரத்த அழுத்தக்காரர்கள் உப்புக் கணக்கைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

போதுமான தண்ணீர் குடித்தோமா என்று எப்படித் தெரியும்? சித்த மருத்துவத்தில் 'நீர்க்குறி' என்று ஒன்று உண்டு. சிறுநீரைப் பார்த்து நோய் அறிவது. அதில் ஒரு சிறு பகுதியை நீங்களே செய்யலாம். வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி. கடுந்தேநீர் போல இருந்தால் உடம்பு வறண்டுவிட்டது, நிழலில் உட்காருங்கள். இன்னொன்று: அடக்கக்கூடாத பதினான்கு வேகங்கள் என்று நம் நூல்கள் சொல்பவற்றில் சிறுநீரும் ஒன்று. 'எல்லாரும் போகிறார்களே' என்று அடக்கிக்கொண்டு மிதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். முக்கியமாகப் பெண்கள் அதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். குழுத் தலைவர் வழியில் எங்கெங்கே கழிப்பறை உண்டு என்பதை முன்னாலேயே பார்த்து வைக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

அந்த மேம்பாலம்

லேகியம் கேட்டவர் கதைக்கு வருகிறேன். மூன்று வாரம் ஒழுங்காக ஓட்டினார். நாலாம் வாரம், ஒரு ஞாயிறு காலை போன். "டாக்டர், எண்ணூர் போற வழியில மேம்பாலம் ஏறும்போது நெஞ்சு கொஞ்சம் இறுக்கினாப்ல இருந்துச்சு. இறங்கி நின்னேன், ஏப்பம் வந்துச்சு, சரியாப் போச்சு. வாயுதானே?"

வீட்டில் விருந்தாளிகள். நான் அவசரத்தில், "வெறும் வயித்துல போயிருப்பீங்க. ஓமக் கஷாயம் குடிங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏறும்போது இறுக்கம்... நின்றால் விடுகிறது... சர்க்கரை வேறு. இதைப் பாளையங்கோட்டைச் சித்த மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவன் சொன்னாலே ஆசிரியர் காதைத் திருகியிருப்பார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வைத்தியம் பார்த்த நான் ஏப்பத்தைக் கேட்டு ஏமாந்தேன். விடிந்ததும் கூப்பிட்டேன். "சைக்கிளைத் தொடாதீங்க. ஆபீசுக்குப் போகாதீங்க. நேரா இதய மருத்துவர்கிட்ட போங்க. நேத்து நான் சொன்னது தப்பு."

போனார். படுக்க வைத்து எடுத்த இ.சி.ஜி. சுத்தமாக இருந்தது! அதோடு திரும்பியிருப்பார். நல்லவேளை, அந்த மருத்துவர் ஓடும் பட்டையில் நடக்கவைத்துப் பார்த்தார். அதில் தெரிந்தது. பிறகு ஆஞ்சியோகிராம்; ஒரு ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். அப்புறம்தான் அவர் மனைவி சொன்னார், அவருடைய தகப்பனார் 52 வயதில் திடீரென்று போனவர் என்று. முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

ஆகவே, 40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப் பழக்கம் உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்புக் கண்டவர்கள் எல்லாரும் பயிற்சிக்கு முன் இதய மருத்துவரைப் பாருங்கள். எந்தச் சோதனை வேண்டும் என்று அவர் முடிவு செய்யட்டும். மிதிக்கும்போது நெஞ்சில், தாடையில், இடக்கையில் இறுக்கமோ பாரமோ வந்தால் அது வாயு என்று நீங்களும் முடிவு செய்யாதீர்கள், உங்கள் சித்த வைத்தியரும் முடிவு செய்யக் கூடாது. சர்க்கரைக்காரர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் மூச்சுத் திணறலும் குளிர்ந்த வியர்வையுமாகக்கூட வரும். நின்று ஓய்வெடுத்தும் விடவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். வைத்தியசாலைக்கு வர வேண்டாம்.

இன்சுலினோ, சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குத் தாழ்சர்க்கரை ஆபத்தும் உண்டு. நடுக்கம், வியர்வை, கண் இருட்டல், சம்பந்தமில்லாத பேச்சு... கூட வருகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். கிளம்பும் முன் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள். 100-க்குக் கீழே இருந்தால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், 250-க்கு மேல் இருந்தால் அன்று வேண்டாம். குளுக்கோஸ் பொட்டலம் சட்டைப்பையில் இருக்கட்டும், பைக்குள் அடியில் அல்ல. மாத்திரை அளவை நீங்களாக மாற்றாதீர்கள்.

எண்ணெய், ஒத்தடம்

அளவுக்கு மீறிய உழைப்பு வாதத்தைக் கூட்டும். உடம்பு வறளும், பிடிக்கும் என்பது நம் மருத்துவம். நான்கு நாளுக்கு ஒரு முறை எண்ணெய் முழுக்கு என்று பெரியவர்கள் வைத்த ஒழுக்கம் சைக்கிள்காரருக்கு நன்றாகவே பொருந்தும். நல்லெண்ணெயோ உளுந்துத் தைலமோ இளஞ்சூடாக, கெண்டைக்காலிலும் தொடையிலும் கீழிருந்து மேலாகத் தேய்த்து, அரை மணி கழித்து வெந்நீரில் குளியுங்கள். நீண்ட தூரம் ஓட்டின அன்றே வேண்டாம், மறுநாளும் ஓட்டப் போகிறீர்கள் என்றாலும் வேண்டாம். முழுகின அன்று பகல் தூக்கமும் குளிர்ந்த பானமும் ஆகாது.

தசைப்பிடிப்புக்கு நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி ஒத்தடம் கொடுங்கள். ஆனால் விழுந்து சுளுக்கி வீங்கியிருந்தால், முதல் இரண்டு நாள் சூட்டு ஒத்தடமும் கூடாது, அழுத்தித் தேய்ப்பதும் கூடாது. குளிர்ந்த நீர்த்துணி, ஓய்வு, காலை உயர்த்தி வைத்தல். கால் ஊன்றவே முடியவில்லையென்றால் எக்ஸ்ரே எடுங்கள். கட்டுப்போடுகிறவரைத் தேடிப் போகும் முன்!

பயணத்தன்று விடியலுக்கு முன் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் மாமல்லபுரம் தாண்டிவிடலாம். பகல் பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை நிழல். முதல் இரவு கடப்பாக்கம் பக்கம் தங்கினால், மறுநாள் மரக்காணம் உப்பளங்களைக் காலை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே போகலாம். ஆளுக்கொரு மாற்று டியூப், இரண்டு பேருக்கு ஒரு பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான். பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர் ஒருவராவது வேண்டும். அதையும் வீட்டிலேயே பழகிவிடுங்கள்.

எங்கள் கணக்கர் அந்தத் தையில் போகவில்லை. ஏழு பேரும் போய் வந்தார்கள். அவர் இதய மருத்துவரின் மேற்பார்வையில் முதலில் நடந்தார்; மாதங்கள் கழித்து அனுமதி வாங்கிச் சைக்கிள் எடுத்தார். அடுத்த தையில் குழுவோடு மாமல்லபுரம் வரை மட்டும் ஓட்டினார். அங்கே இளநீர் குடித்துவிட்டு, சைக்கிளைக் குட்டி யானை வண்டியில் ஏற்றி, பஸ் பிடித்து வீடு திரும்பினார். எடை 74 கிலோ. போன வாரம் வைத்தியசாலைக்கு வந்திருந்தார். லேகியம் கேட்கவில்லை. உளுந்துத் தைலம் ஒரு புட்டி வாங்கிக்கொண்டு போனார்.